பேனா நிற்கிற சத்தம்

கம்பெனியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆபரேட்டர் என்றால் அவள்தான். நான்கு மாடிக் கட்டடத்தின் இருநூற்று முப்பது டெலிபோன் இணைப்பு எண்களும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். யார் எந்த நேரத்தில் சீட்டில் இருப்பார், யார் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்வார் என்பதும் அத்துப்படி. பிறவியிலேயே பார்வை கிடையாது. அதை அவள் ஒரு தகவலாகத்தான் சொல்வாள். கேட்கிறவர்கள்தான் "அச்சச்சோ" என்று இழுப்பார்கள். அந்த அச்சச்சோவைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முப்பத்திரண்டு வயதில் அரசாங்க வேலைக்கான போட்டித் தேர்வு எழுதக் கிளம்பினாள். காரணம் இருந்தது. இன்னும் மூன்று வருஷத்தில் ஸ்விட்ச்போர்டைத் தூக்கிவிட்டு, மெஷினே பேசுகிற மாதிரி வைக்கப்போவதாக மானேஜர் சொல்லிவிட்டார். உன்னைக் கைவிட மாட்டோம் என்றும் சொன்னார். அப்படிச் சொல்கிறவர்கள் கைவிடுவதற்கு முன்னால்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கணக்கும் பொது அறிவும் பிரச்சினை இல்லை. ஆங்கிலம்தான் கழுத்தைப் பிடித்தது. புத்தகத்தை மொபைல் படித்துக் காட்டும், சரி. ஆனால் கோச்சிங் சென்டர்காரர்கள் அனுப்புகிற இலக்கண நோட்ஸ் முழுக்கப் போட்டோ பிடித்து ஒட்டியது. மொபைலில் திறந்தால் "படம்" என்னும். அடுத்த பக்கத்துக்கும் "படம்" என்னும். நூற்று அறுபது பக்கத்துக்கும் அதே பல்லவி.

ஆகவே அண்ணி படித்தாள். அண்ணன் மனைவி, பத்தாம் வகுப்போடு நின்றவள். காலையில் சாதம் வேகிற நேரத்திலும் சாயங்காலம் துணி மடிக்கிற நேரத்திலும் பாடம் நடக்கும். கோடிட்ட இடம் வந்தால் "டேஷ்" என்று அழுத்திச் சொல்வாள். வாயில் நுழையாத வார்த்தையை எழுத்து எழுத்தாகச் சொல்லுவாள். இதனால் ஒரு நன்மை, ஆபரேட்டருக்கு எழுத்துப்பிழை என்பதே வராமல் போயிற்று. ஒரு கெடுதலும் உண்டு. "நாலெட்ஜ்" என்ற வார்த்தையை இரண்டு பேரும் ஆறு மாதம் "க்நோவ்லெட்கே" என்றே சொல்லித் திரிந்தார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் காதில் விழுந்து, அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறித்தான் விஷயம் வெளியே வந்தது.

ஒரு நாளைக்குப் பத்து புது வார்த்தை, ஐம்பது கேள்வி. இவள் விடையின் எண்ணைச் சொல்ல, அண்ணி வட்டத்தை நிரப்புவாள். கடைசியில் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்துத் திருத்துவாள். இரண்டு வருஷம் இப்படித் திருத்தித் திருத்தி அண்ணிக்கும் இலக்கணம் ஏறிவிட்டது. தேர்வில் இவளுக்காக எழுதுகிறவர் இவளைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. விதிப்படி அண்ணி பத்தாம் வகுப்பு. அடுப்படியில் அவள் எந்த வகுப்பு என்பது விதிக்குத் தெரியாது.

வீட்டில் ஐம்பதுக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று வந்துகொண்டிருந்தது. பிறகு கோச்சிங் சென்டரில் ஒரு மாதிரித் தேர்வு. அங்கே எழுதிக் கொடுக்க யாரோ ஒரு ஆளைக் கொடுத்தார்கள். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்தான், இரண்டு வரியை முழுங்கினான், எந்த விடை சொன்னாலும் ஒரே வேகத்தில் பேனாவை ஓட்டினான். மார்க் முப்பத்தி நாலு.

"அந்த ஆள் சரியில்ல" என்றாள் அண்ணி. ஆபரேட்டரும் அப்படித்தான் நினைத்தாள். மறுநாள் காலை வழக்கம்போல் உட்கார்ந்தார்கள். நான்காவது கேள்விக்கு "ஒண்ணு" என்றாள். அண்ணியின் பேனா தாளில் இறங்கவில்லை. உடனே இவள் நாக்கு தானாகவே, "இல்ல இல்ல, ரெண்டு" என்றது. பேனா இறங்கியது.

ஆபரேட்டருக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது.

"நீங்க நிறுத்துறீங்க அண்ணி."

"எதை?"

"பேனாவை. நான் தப்பா சொன்னா உங்க பேனா நிக்குது. மூச்சும் நிக்குது. இத்தனை நாளா நான் எடுத்த மார்க்குல பாதி உங்களோடது."

"நான் ஒரு வார்த்தை சொல்லல பாப்பா" என்றாள் அண்ணி.

"சொல்லல. அதான் எனக்கே தெரியல."

ஷேவிங் செய்துகொண்டிருந்த அண்ணன் கண்ணாடியை விட்டு நகராமலே தீர்ப்பு சொன்னான். "இதுல என்ன தப்பு? கண்ணு இருக்கிறவன் எல்லாம் பக்கத்து ஆள் பேப்பரை எட்டிப் பாக்கறதில்லையா? உனக்கு இது ஒரு வசதி. வாயை மூடிட்டு எழுது."

அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்கு ஒரு விஷயம் மறந்துபோயிருந்தது, இவளுக்கு மறக்கவில்லை. கல்லூரியில் இவள்தான் வகுப்பில் முதல். இவள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தது ஒரு ஜூனியர் பெண். ரிசல்ட் வந்த அன்று துறைத்தலைவர் நேராக வந்து அந்த ஜூனியரின் கையைக் குலுக்கி, "பிரமாதமா எழுதியிருக்கேம்மா" என்றார். இவள் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். பதினோரு வருஷமாகிறது, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

"இந்தத் தடவை யாரும் வேற யார் கையையும் குலுக்கக் கூடாதுண்ணா" என்றாள். "அண்ணிதான் எழுதுவாங்க. அவங்களை மாதிரி ஒரு வரி விடாம படிக்க ஆள் கிடையாது. ஆனா பேனா நிக்கக் கூடாது."

"அவ மூஞ்சியைப் பார்த்தாலே எல்லாம் தெரிஞ்சுடும். நல்லவேளை உனக்கு…" என்று ஆரம்பித்த அண்ணன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எனக்கு மூஞ்சி தேவைப்படல, பாத்தியா" என்றாள் இவள். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

சிரிப்போடு முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு புதுப் பயிற்சி. ஆபரேட்டர் வேண்டுமென்றே தப்பு விடை சொல்வாள். ஒரு பக்கம் முழுக்கத் தப்பு. அண்ணி ஒரு இடத்திலும் தயங்காமல் நிரப்பிக்கொண்டே போக வேண்டும். அண்ணிக்கு இது பாகற்காயைப் பச்சையாக மெல்லுகிற மாதிரி இருந்தது. "கை கேக்க மாட்டேங்குது பாப்பா. தெரிஞ்சே பொய் எழுதுற மாதிரி இருக்கு" என்பாள். பத்து இடத்தில் நிற்கும். அடுத்த வாரம் ஆறு. அதற்கடுத்த வாரம் அழுகையே வந்துவிட்டது, மறுபடி ஒன்பது. இவள் விடவில்லை. காலையில் அண்ணியின் கைக்குப் பயிற்சி, பகலில் ஸ்விட்ச்போர்டில் இரண்டு அழைப்புகளுக்கு நடுவே தன் மூளைக்குப் பயிற்சி. யாருடைய மூச்சும் இல்லாமல் இலக்கணத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தாள். மார்க் முப்பத்தெட்டாகி, நாற்பதாகி, நாற்பத்தொன்றில் நின்றது. போலி நாற்பத்தெட்டைவிட அந்த நாற்பத்தொன்று அவளுக்கு இனித்தது.

தேர்வு நாளன்று இவர்களுக்குத் தனி அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் செய்தித்தாளோடு ஒரு கண்காணிப்பாளர். நூறு கேள்விகள். அண்ணி ஒரே சீராகப் படித்தாள், ஒரே சீராக நிரப்பினாள். வட்டம் நிரப்புகிற அந்தச் சரசரப்பு ஒரு தாளம்போலப் போய்க்கொண்டிருந்தது. அறுபதைத் தாண்டினார்கள், எழுபதைத் தாண்டினார்கள்.

எழுபத்தாறாவது கேள்விக்கு ஆபரேட்டர் "மூணு" என்றாள்.

பேனா நின்றது.

கண்காணிப்பாளர் செய்தித்தாளைத் திருப்பினார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூச்சு இல்லை. மூன்று என்பது தப்பு என்று இவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. தப்பென்று தெரிந்த மாத்திரத்தில், இரண்டுதான் சரி என்பதும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. "இருங்க, ரெண்டு" என்று சொன்னால் போதும். யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அண்ணி வாயைத் திறக்கவில்லை, விதி எதுவும் உடையவில்லை. அந்த ஒரு மார்க் கையில் வந்து உட்கார்ந்திருந்தது.

"மூணுன்னு சொன்னேன் அண்ணி."

"பாப்பா…"

"மூணு. நிரப்புங்க."

பேனா இறங்கியது. தாள் கிழிந்துவிடும்போல அழுத்தி நிரப்பினாள் அண்ணி. பிறகு எழுபத்தேழைப் படித்தாள்.

வெளியே வந்ததும் தண்ணீர்க் குழாயடியில் அண்ணி அழுதாள். "கையை நானே வெட்டிப் போட்டிருக்கணும். அது நிக்காம இருந்திருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்காது, இப்ப மனசு இப்படி வேகாது. ஒரு மார்க் போச்சே."

"அது என் மார்க் இல்ல. போனா போகட்டும்" என்றாள் ஆபரேட்டர். சொல்லிவிட்டாளே தவிர, ஒரு மார்க்கில் வேலையே போகலாம் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

வேலை போகவில்லை. பட்டியலில் எண் வந்தது. நூற்றுக்கு எண்பத்து மூன்று. ஆனால் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தலைமை அலுவலகம் எண்பத்து நான்கோடு நிரம்பிவிட்டது. இவளுக்குக் கிடைத்தது இரண்டு பஸ் மாறிப் போகிற கிளை. அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "போற வழியெல்லாம் அந்த மூணாம் நம்பரை நினைச்சுக்கோ" என்றான். இவள் நினைத்துக்கொண்டுதான் போனாள், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

முதல் நாள், அண்ணிதான் கூட வந்தாள். கிளை அதிகாரி நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ சொன்னார். காகிதங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"எக்ஸாம் யாரும்மா எழுதினது?"

"எங்க அண்ணி சார். இவங்கதான்."

"ஓ, அப்ப கெட்டிக்காரங்கதான்" என்று அவர் அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். நாற்காலி கிறீச்சிட்டது. அவர் கை நீட்டுகிறார் என்பது ஆபரேட்டருக்குத் தெரிந்தது.

"கெட்டிக்காரங்கதான் சார், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவங்களுக்கும் தெரியும்" என்றாள். "அவங்க இஷ்டத்துக்கு விட்டிருந்தா நான் இப்ப தலைமை அலுவலகத்துல இருந்திருப்பேன். அந்தப் பேப்பர்ல பதினேழு தப்பு இருக்கு. பதினேழும் நான் சொன்னது. அவங்க ஒண்ணைக்கூடத் திருத்தல."

சொல்லிவிட்டுத் தன் வலது கையை மேசைக்கு மேலே நீட்டினாள். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அதிகாரி எழுந்து வந்து அதைப் பிடித்துக் குலுக்குகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது.