எல்பர்ட் ஸ்ப்ரூயில் அளந்த தண்ணீர்

எல்பர்ட் ஸ்ப்ரூயிலைப் பற்றி எங்கள் திருச்சபையில் யாரைக் கேட்டாலும் முதலில் அவன் வாயைத்தான் சொல்வார்கள். அதிலிருந்து நல்லதாக ஒரு சொல் வந்ததில்லை. மழை பெய்தால் "வந்துடுச்சு பாரு" என்பான். பெய்யாவிட்டால் "வரும், எங்க போயிடப் போகுது" என்பான். வாரத்தில் ஐந்து நாள் வாய்க்கால் தூர்வாரும் வேலை. சபையில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதும் அவன்தான். அதற்குக் கூலி வாங்கமாட்டான். உப்புப் போட்ட ஹெர்ரிங் மீன் நாலு கொடுத்தால் வாங்கிக்கொண்டு, முள் அதிகம் என்பான்.

எனக்கு அவனைப் பிடிக்காது. அவன் மனைவி லவ்வி என் சிநேகிதி, அதனால் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மண் விஷயத்தில் அவன் சொல்லி எதுவும் பிசகியதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வட கரோலினாவின் கடலோரத்தில் எங்கள் பக்கத்து நிலம் அத்தனையும் தட்டை. பெய்த தண்ணீருக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது, அப்படியே உட்கார்ந்துவிடும். காற்றில் பைன் மரம் சாய்ந்தால் வேர் ஒரு தட்டாக எழுந்து நிற்கும். ஆழத்துக்குப் போன வேர் ஒன்றுகூட இருக்காது. சபைக்குப் பின்னால் இருந்த மணல் மேடு ஒன்றுதான் காய்ந்த இடம். எங்கள் செத்தவர்கள் எல்லாரும் அதில்தான் இருந்தார்கள். ஐம்பத்து நாலாம் வருடம் அதில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். எல்பர்ட்டின் மகள் ஜாய்ஸ் ஆறு வயதில் போனவள், அவளுக்குப் பக்கத்து இடம். அது லவ்விக்கு என்று எல்லாருக்கும் தெரியும். லவ்விக்கு இதயம் கெட்டு, கால் இரண்டும் நீர் கோத்து வீங்கிக் கிடந்தன. அவளுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. ஈரத்தைப் பற்றித்தான் பயம். "தண்ணிக்குள்ள மட்டும் என்னைப் போட்டுடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்.

அந்த ஆகஸ்டில் சபைப் பொறுப்பில் இருந்த டீக்கன் ஃபர்னி பாஸ்நைட் தன் பள்ளத்து வயலைப் புதுக் கல்லறைத் தோட்டத்துக்கு எழுதிக்கொடுத்தார். இரண்டு கோடை வறட்சி. வயல் வெடித்துக் கிடந்தது. சபையே போய் நின்று பார்த்தோம். எல்பர்ட் துளைக்கோலை இறக்கித் திருகி மண்ணை வெளியே எடுத்தான். மேலே ஒரு சாண் கறுப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, அதில் அங்கங்கே துரு நிறக் கீற்று.

"தூசி பறக்குது, எல்பர்ட். எங்கடா தண்ணி?" என்றார் ஃபர்னி. இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"இப்ப இல்ல."

"எப்பவும் இல்ல. ரெண்டு வருஷமா என் பசு இங்க மேயுது. குளம்பு நனைஞ்சதில்ல."

"பசுவ அஞ்சடி ஆழத்துல மேய விட்டியா?"

எல்லாரும் சிரித்தோம். எல்பர்ட் சிரிக்கவில்லை. களியை விரலுக்கிடையில் வைத்துத் தள்ளினான். அது அறுபடாமல் நாடா மாதிரி நீண்டுகொண்டே வந்தது.

"மாசக்கணக்கா தண்ணி நின்னா மண்ணுல இருக்கிற சிவப்ப எல்லாம் கழுவி எடுத்துட்டுப் போயிடும். பழைய வேர் போன வழியில காத்து நுழைஞ்ச இடத்துல மட்டும்தான் இந்தத் துரு. இது குளம், பிரதர். குளம் இப்ப வெளியூர் போயிருக்கு, அவ்வளவுதான். மரம் குடிக்கிற வரைக்கும் வராது. இலை உதிரட்டும், பெரிய மழைகூட வேண்டாம், தானா ஏறி வரும்."

வயலை ஏற்றுக்கொள்ளலாமா என்று ஓட்டுக்கு விட்டார்கள். எல்பர்ட்டைத் தவிர எல்லாரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பரில் ஃபர்னியின் மகள் ஐனஸ் குடல்வால் வெடித்து இரண்டே நாளில் போய்விட்டாள். இருபத்தாறு வயது. நிலம் கொடுத்தவர் வீட்டிலேயே முதல் சாவு. எல்பர்ட் ஐந்தடி வெட்டினான். அடிவரைக்கும் காய்ந்திருந்தது. குழியின் விளிம்பில் நின்று ஃபர்னி கேட்டார்: "காஞ்சிருக்கு, இல்ல?"

மகளைப் பறிகொடுத்தவர் கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். வேறு எந்த மனிதனும் ஆமாம் என்றிருப்பான். எல்பர்ட் "இன்னைக்கு காஞ்சிருக்கு" என்றான். அவன் முகத்தில் அறையலாம் போலிருந்தது எனக்கு.

நவம்பரில் இலை உதிர்ந்தது. டிசம்பரில் ஐனஸின் குழியைச் சுற்றிச் சேற்று இறால்கள் மண்ணை உருட்டி உருட்டிச் சின்னச் சின்னப் புகைபோக்கிகள் கட்டின. அவை தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் கட்டும். கிறிஸ்துமஸ் முடிந்து தொடர்ந்து தூறல். ஜனவரி ஒரு காலையில் லவ்விக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கதவில் ஃபர்னி நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு.

"எல்பர்ட், என் பொண்ணு மேல வந்துட்டா."

தலைமாட்டுப் பக்கம் சவப்பெட்டி மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பியிருந்தது.

"சொன்னேன்" என்றான் எல்பர்ட்.

"சொன்ன."

"அந்த மேட்டு இடத்த மட்டும் கேக்காத. வேற எத வேணா கேளு."

ஃபர்னி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். லவ்வி நாற்காலியிலிருந்தே பேசினாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் அவள் உட்கார்ந்தபடிதான் தூங்குவாள்.

"குடுத்துடு, எல்பர்ட்."

"நீ சும்மா இரு."

"நான் இன்னும் உசுரோடதானே இருக்கேன். அந்தப் பொண்ணு தண்ணியில கிடக்கா. அவசரம் யாருக்கு?"

"அப்புறம் உன்னை நான் எங்க வைக்கிறது?"

அதற்குத்தான் ஃபர்னி ஒரு வழி சொன்னார். பள்ளத்து வயலில் ஆற்று மணல் நாற்பது லோடு கொட்டிப் புது மேடு கட்டலாம். அதில் முதல் இடம் லவ்விக்கு. ஆனால் லாரி இறங்க நிலம் இறுக வேண்டும். தண்ணீர் மூன்றடியாவது கீழே போக வேண்டும்.

"அதுவரைக்கும் நான் இருக்கேன்" என்றாள் லவ்வி. ஐனஸை மறுநாளே மேட்டுக்கு மாற்றினார்கள்.

பிப்ரவரியில் ஃபர்னி பொறுக்கமாட்டாமல் லாரியை இறக்கிப் பார்த்தார். அச்சு வரைக்கும் புதைந்தது. மூன்று நாள் ஆயிற்று இழுக்க. ஓரத்தில் வாய்க்கால் வெட்டினார். வாய்க்கால் நிரம்பியது, பத்தடி தள்ளி வயல் அப்படியே இருந்தது. களி தன் தண்ணீரை விட்டுக்கொடுக்கவில்லை.

எல்பர்ட் அங்கே ஒரு துளை போட்டுத் தினமும் குச்சி விட்டு, தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தான். வாசலிலேயே லவ்வி கேட்பாள்.

"இன்னைக்கு எவ்வளவு?"

"அரை அடி."

மார்ச்சில் ஒரு அடி. பிறகு மழை. மறுபடி அரை அடி. ஏப்ரல் நடுவில் ஒன்றரை அடி. லவ்வியின் வீக்கம் இடுப்பைத் தாண்டி ஏறியிருந்தது. தோல் கசிந்தது. இரவும் பகலும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை ஒவ்வொன்றாக இழுத்தாள். விடமாட்டேன் என்று இருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. போதும் ஆண்டவரே, எடுத்துக்கொள்ளும் என்று நானே ஜெபம் பண்ணினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை எல்பர்ட் வந்து அவள் முன்னால் மண்டியிட்டான்.

"மூணடி இறங்கிடுச்சு, லவ்வி. ஃபர்னி மணல் கொட்ட ஆரம்பிச்சுட்டான்."

அன்று காலை அந்தக் குச்சியை நானும் பார்த்திருந்தேன். ஒன்றரை அடியைத் தாண்டவில்லை.

சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே லாரி போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. ஃபர்னிதான் ஓட்டினார். மத்தியானம் முழுக்க அந்தச் சாலையில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். எல்பர்ட் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை சொன்னான். பன்னிரண்டாவதுக்கு அவனால் முடியவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

லவ்வி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். அவள் அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர்.

"காலி வண்டி, அர்லீத்தா. போறப்பவும் வர்றப்பவும் ஒரே கடகடப்பு. அவன்கிட்ட சொல்லாத."

விடிவதற்குள் போய்விட்டாள்.

பள்ளத்து வயலை விட்டால் வேறு இடம் இல்லை. எல்பர்ட் வெட்ட வெட்டத் தண்ணீர் வந்தது. நான்கு பேர் வாளியால் இறைத்தார்கள். பெட்டி மிதக்காமல் இருக்க அதன் அடியில் எல்பர்ட்டே ஆறு துளை போட்டான். அப்படியும் அது ஆடியது. ஃபர்னி கோட்டோடு குழிக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில், பெட்டியின் மேல் ஏறி நின்றார். அவர் காலைச் சுற்றி மண் போட்டார்கள். பாட ஆரம்பித்த பாட்டை நாங்கள் யாரும் முடிக்கவில்லை.

ஜூலையில் நிலம் இறுகியது. நாற்பது லோடு மணலும் வந்தது. லவ்வியின் மேல் மேடு எழும்பியது. வேலை செய்தவர்களுக்குச் சோளரொட்டி கொண்டுபோயிருந்தேன். சாலையோரம் மண்வெட்டியோடு நின்ற எல்பர்ட்டின் முன்னால் ஒரு லாரி நிறை பாரத்தோடு முனகிக்கொண்டு போனது. கொட்டிவிட்டுக் கடகடவென்று திரும்பியது. அடுத்ததும் அப்படித்தான். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னும் இரண்டு லாரி போய் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றான்.

பிறகு என்னிடம் வந்தான். "அர்லீத்தா, அன்னைக்கு ஃபர்னி ஓட்டுனப்ப போறப்பவும் வர்றப்பவும் ஒரே சத்தமாத்தானே இருந்துச்சு?"

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

என் முகத்தையே பார்த்தான். இரண்டு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டான். உப்பு கம்மி என்று சொல்லவில்லை. மணலைப் பரப்பப் போனான்.