திரைக்கு அந்தப் பக்கம்

துயரம் என்று பொருள்படும்படி வியாகுலம் என்று பெயர் வைத்தவர்கள் ஏமாந்துபோனார்கள். பாம்பனை அடுத்த அந்தக் கடற்கரைக் குடியிருப்பில் அவளைப்போலச் சிரிப்பவள் கிடையாது. ஆண்களோடு சேர்ந்து கரைவலைக் கயிற்றை இழுக்கும்போதும் யாரையாவது கேலி செய்துகொண்டுதான் இழுப்பாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் முகம் இறுகும். மூன்று வருஷத்துக்கு முன், புதுக் கயிற்றைக் காணோமென்று, வலைக்குச் சொந்தக்காரரான மிக்கேல் சம்மாட்டி அவள் புருஷன் சந்தியாகுவைக் கோயில் வாசலில் வைத்து, "கள்ளப்பயலே" என்று அறைந்துவிட்டார். மறுவாரமே கயிறு அவர் வள்ளத்தின் அடியில் கிடைத்தது. அவர் வாயே திறக்கவில்லை. மனசில் பகையோடு வாங்கக்கூடாதென்று, அன்றிலிருந்து வியாகுலம் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கவில்லை.

"மன்னிச்சிரு மகளே" என்பார் பங்குச்சாமியார்.

"நான் தயார்தான் சாமி. கேக்க ஆளு வரணும்ல?"

1957 தவக்காலத்தில் சாமியார் மதுரையிலிருந்து மெஷின் வரவழைத்து, ஆண்டவர் பாடுபட்ட கதையை ஊமைப் படமாகப் போட்டார். மூங்கில் நட்டு, சம்மாட்டியின் வள்ளத்துப் பாய்த்துணிதான் திரை. காற்றில் படபடக்காமலிருக்க அதை நனைத்ததில் படம் இரண்டு பக்கமும் தெரிந்தது. முன்னால் சம்மாட்டிமார்களுக்கு நாற்காலி. வலை இழுப்பவர்கள், கோயிலில் பின்னால் நின்று பழகியவர்கள், யாரும் சொல்லாமலே திரைக்குப் பின்பக்க மணலில் போய் உட்கார்ந்தார்கள்.

ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளன் அவரிடம் மன்னிப்பு மன்றாடிய இடத்தில் ரீல் தீர்ந்தது. மிக்கேல் சம்மாட்டி சத்தமாகச் சொன்னார்: "பாத்தீகளா, ஆண்டவருக்கு வலது பக்கம் இருந்தவன் கரையேறிட்டான்!"

திரைக்குப் பின்னாலிருந்து வியாகுலம் குரல் கொடுத்தாள். "எடது பக்கம்!"

"ஏ வியாகுலம், ஞானோபதேசம் படிச்சியா இல்லையா? வலது."

"என் கண்ணால பாத்தேன். சந்தேகம்னா இங்கன வந்து பாருங்க சம்மாட்டியாரே!"

எல்லாரும் சிரித்தார்கள். சம்மாட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரையைச் சுற்றி வந்து, காலியாயிருந்த மணலில் தொப்பென்று உட்கார்ந்தார். பக்கத்தில் சந்தியாகு இருந்ததை அப்புறம்தான் பார்த்தார். சாமியார் அதே ரீலைத் திரும்பச் சுற்றி ஓட்டினார். கள்ளன் இடது பக்கம்தான் இருந்தான். மறுபடியும் மன்றாடினான்.

சம்மாட்டி சந்தியாகு பக்கம் திரும்பினார். பிறகு மெல்ல, "சந்தியாகு, அந்தக் கயிறு... தப்பு என்மேலதான். மன்னிச்சிருப்பா" என்றார்.

"விடுங்க சம்மாட்டி" என்று நெளிந்தான் சந்தியாகு.

"இவரு விட்டுருவாரு" என்றாள் வியாகுலம். "ஊரு பாக்கத்தான அடிச்சீக? இதையும் ஊரு பாக்கச் சொல்லுங்க."

சம்மாட்டி எழுந்து முன்பக்கம் போனார். மெஷின் வெளிச்சம் கண்ணைக் கூச, திரைக்கு முன்னால் நின்று உரக்கச் சொன்னார். பின்னாலிருந்தவர்களுக்கு அவர் நிழல்தான் தெரிந்தது, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக, கை கூப்பியபடி.

வியாகுலம் உட்கார்ந்திருந்த ஓலைப்பாயைச் சுருட்டினாள். "எந்திரிங்க. இனி முன்னாலதான்." அவள் பின்னால் அத்தனை பேரும் எழுந்து வந்து நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அடுத்த ரீலிலும் சிலுவைகள் நின்றன.

"ஆத்தாடி, வலது பக்கந்தான்!" என்று கத்தினாள். "பின்னால இருந்து பாத்தா மாறித் தெரிஞ்சிருக்கு. சம்மாட்டி சொன்னதும் சரிதான்!"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. உயிர்ப்புப் பெருவிழாப் பூசையில் அவள் நற்கருணைக்கு முன்வரிசையிலிருந்து எழுந்து போனாள். சாமியார் அப்பத்தை அவள் நாக்கில் வைக்கக் குனிந்து, "சிரிக்காம வாயத் தொற மகளே" என்றார்.