நிற்கப் படித்த நூரி

குதிரைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து யாருக்கும் தலை நரைப்பதில்லை. அதன் மேல் ஏறி உட்காருகிற மனுஷனுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் நரைக்கிறது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர்களே, டியூஷன் எடுப்பவர்களே, சொன்னதையே சொல்லித் தொண்டை கட்டிப்போன சகல ஜீவன்களே, இது நமக்குள்ளே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் தொழில் கற்றுக்கொண்டு திண்டுக்கல்லுக்குத் திரும்பிய எனக்கு ஆத்தூர் ரோட்டில் ஒரு தென்னந்தோப்பில் வேலை கிடைத்தது. தோப்பு காதர் பாயுடையது. டவுனில் தோல் வியாபாரம், தோப்பில் மூன்று குதிரை. இரண்டு கிழடு, அதில்தான் ஊர்க்காரர்களுக்குச் சவாரி வகுப்பு. மூன்றாவது நூரி. நாலு வயசுப் பெட்டை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, ஊசி விழுந்தாலும் காதைத் தூக்கும். அதை டிரஸ்ஸாஜுக்குப் பழக்குவது என் வேலை. பேரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். மேலே இருப்பவர் கத்தாமல், அடிக்காமல், உட்காரும் விதத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லுவார். குதிரை புரிந்துகொண்டு நடக்கும், திரும்பும், நிற்கும். அம்புட்டுதான்.

வெள்ளிக்கிழமை விசாரணை

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பாய் நேராகத் தோப்புக்கு வந்துவிடுவார். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இந்த வாரம் என்ன படிச்சிருக்கு?" என்பார். போன வாரம் நேராக நடக்கப் படித்திருந்தது. அதற்கு முந்தின வாரமும் அதேதான். இளங்குதிரைக்கு எலும்பு முற்றும் முன்னால் அவசரப்படுத்தினால் ஆயுசுக்கும் முதுகு போய்விடும் என்று சொன்னால் கேட்டுக்கொள்வார். ஆனால் முகம் கேட்டுக்கொள்ளாது.

அன்றைக்கு நான் பெருமையாகக் காட்டியது நிற்பதை. நூரி மேல் உட்கார்ந்து நடந்து வந்தேன். கடிவாளத்தை இழுக்கவில்லை. மூச்சை விட்டு, உடம்பைக் கனமாக்கிச் சேணத்தில் இறக்கினேன். நாலு காலும் மேஜைக்கால் மாதிரி நேராக வைத்து நின்றது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி டூரிஸ்டுகளை ஏற்றும் குதிரைகளுக்குத் தரகர் ஒருவர் நூரியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். மழைக்காலத்துக்குள் உருப்படியாக ஒன்றைக் காட்டாவிட்டால் கொடுத்துவிடப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். போகிறபோது கேட்டார்: "சும்மா நிக்கிறதுக்கா மாஸ்டர் இதுக்குத் தீனி போடுறேன்?"

நத்தம் பஸ்ஸில் ஒரு வாரம்

மேற்படி கவலை ஒரு பக்கம் இருக்க, வகுப்பும் நடத்தியாக வேண்டுமே. ராஜேந்திரன் என்று ஒருவர், பூட்டுக்கடை வைத்திருந்தார். உடம்பு ஆடினால் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவார். தொங்கினால் குதிரைக்கு வாய் கிழியும். "தொங்காதீங்க, தொங்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கிழிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு யோசனை சொன்னேன். ஒரு வாரம் டவுனிலிருந்து நத்தம் பஸ்ஸில் ஏறி, எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டே போய் வாருங்கள், முட்டியை விறைக்காதீர்கள், வளைவில் உடம்பு தானாகச் சரிக்கட்டும் என்றேன். மனுஷன் வேதவாக்காக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த வாரம் குதிரை மேல் உட்கார்ந்தால் கை இரண்டும் பூனைக்குட்டி மாதிரி மடியில் கிடக்கின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் சிரமமாக இருந்ததா என்று கேட்டேன். சிரமம் ஒன்றுமில்லை, கண்டக்டர்தான் மூன்று நாள் பார்த்துவிட்டு நாலாம் நாள் கேட்டாராம்: "சீட்டு அம்புட்டும் காலியா கெடக்குண்ணே, எதுவும் வேண்டுதலா?"

டீச்சரின் கண்கள்

அடுத்தவர் ஒட்டன்சத்திரத்துப் பக்கம் பிறந்து, திண்டுக்கல்லில் கணக்கு டீச்சராக இருந்த விமலா. கெட்டிக்காரர், பயமும் இல்லை. ஒரே குறை, குனிந்து குதிரையின் கழுத்தையே பார்ப்பார். தலை குனிந்தால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் மொத்தக் கனமும் முன்னால் சாயும். நேரே தெரிகிற தென்னை மர உச்சியைப் பாருங்கள் என்று நூறு தடவை சொல்லியாயிற்று.

சரி என்று கிழட்டுக் குதிரையை நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, டீச்சர் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டேன். பார்க்க ஒன்றும் இல்லாமல் போனதும் உடம்பு தானாக நிமிர்ந்துவிட்டது. இரண்டு சுற்றில் கையை விரித்து உட்கார்ந்தார். இனி இதுதான் வைத்தியம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். துண்டை அவிழ்த்த மறுநிமிஷம் பார்வை திரும்பவும் கழுத்துக்குப் போய்விட்டது. அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டேவிட்டேன். "ஏனுங்க மாஸ்டர், குதிரை அங்கயேதான் இருக்குதான்னு ஒரு பார்வை பாத்துக்கோணுமில்லீங்க?"

தரகர் வந்தார்

மழைக்கு முன்னாலேயே தரகர் வந்துவிட்டார். நூரி அவரை உதறித் தள்ளும், வேண்டாமென்று போய்விடுவார் என்று நம்பியிருந்தேன். அவர் புளிமூட்டை மாதிரி ஏறி, பொத்தென்று உட்கார்ந்தார். கனம் இறங்கினால் நிற்க வேண்டும் என்று நான்தானே படிப்பித்தேன்? நின்றது. தொப்பியை ஆட்டினார், பீடியைப் பற்றவைத்தார், கீழே இருந்தவனைக் கூப்பிட்டுப் பேசினார். அசையவில்லை, சண்டாளி.

என் வித்தையே எனக்கு வினையாக வந்து நிற்கிறது. அக்கா மகன் கல்யாணம் முடியட்டும், மறுநாள் லாரி கொண்டு வா என்று பாய் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நூரிதான் குதிரை. தரகர் இறங்கி வந்து, பெரிய மனசோடு என் தோளைத் தட்டினார்: "போட்டோவுக்கு இப்படி நிக்கிற குதிரை லேசுல கெடைக்காது. நல்லா பழக்கியிருக்கீக."

மாப்பிள்ளைக்குப் பாடம்

பேகம்பூரில் சாயங்காலம் ஊர்வலம். மாப்பிள்ளை சலீமுக்கு அதுதான் முதல் சவாரி. முகத்தை மறைத்து மல்லிகைச் சரம் தொங்குகிறது, எதிரே ஒன்றும் தெரியாது. நான் கயிற்றைப் பிடித்துக் கூடவே நடக்கிறேன். பேண்டு கிளம்பியதும் பயத்தில் பின்னால் சாய்ந்து கடிவாளத்தில் தொங்கினார். கடிவாளம் இழுபட்டால் பின்வாங்க வேண்டும் என்று நூரி படித்த பிள்ளை அல்லவா, பின்னோக்கி நடக்க ஆரம்பித்தது. பேண்டு செட் அதுபாட்டுக்கு முன்னே போகிறது, மாப்பிள்ளை அதுபாட்டுக்கு வீட்டுக்குத் திரும்புகிறார். ஜனம் சிரிக்கிறது. பாய் முகம் கறுத்துவிட்டது.

"மாப்ளே, தொங்காதீங்க. நத்தம் பஸ்ல நிக்கிறதா நெனச்சுக்கங்க" என்று மெதுவாகச் சொன்னேன். பூவுக்குள்ளிருந்து, "சரி மாஸ்டர்" என்றது குரல். நிமிர்ந்தார். கண்ணும் மூடித்தானே கிடக்கிறது, கழுத்தைப் பார்க்கவும் வழியில்லை. நாலு வீடு தாண்டுவதற்குள் அழகாக உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எவனோ முன்னறிவிப்பு இல்லாமல் சரவெடியைக் கொளுத்திப் போட்டான். குதிரைக்கு நேர் முன்னால், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாயின் அக்கா. கயிறு கையைவிட்டு நழுவிவிட்டது. மேலே மாப்பிள்ளைக்குச் சப்தநாடியும் அடங்கி, மொத்தக் கனமும் சேணத்தில் இறங்கியது. நூரியின் உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனால் நாலு காலும் மேஜைக்கால். வெடி தீரும்வரை நின்றது. அந்த அம்மா பிள்ளையோடு ஓரமாகப் போய்ச் சேர்ந்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நூரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன், வெட்கமெல்லாம் படவில்லை.

மறுநாள் காலையில் தோப்பு வாசலில் லாரி வந்து நின்றது. நான் கொட்டடியை விட்டு வெளியே வரவில்லை. தரகரிடம் பாய் பேசுவது மட்டும் கேட்டது: "வெறும் லாரியாவே திருப்பிக்கிட்டுப் போங்க. சும்மா நிக்கிறதுக்குத்தான் நான் இதுக்குத் தீனி போடுறேன்."

இத்தனை வருஷத்தில் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் குதிரைக்குச் சும்மா நிற்கவும் மனுஷனுக்கு நேராக உட்காரவும்தான். இரண்டில் குதிரைதான் சீக்கிரம் பாஸாகிறது.