மோசமாக மோப்பம் பிடித்த நாய்

நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கி அனுப்பும் கடை ஒன்றை நாத்தனாரோடு சேர்ந்து நடத்தி வந்தாள் அவள். கடிக்க வருகிற நாயும் அவள் கை பட்டால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். ஆங்கிலம்தான் அடங்கவில்லை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது என்பதால், நாற்பது வயதுக்கு மேல் இலக்கணப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

அட்ஜெக்டிவ் எது, அட்வெர்ப் எது என்ற இடத்தில் படிப்பு முட்டிக்கொண்டு நின்றது. நாத்தனார் ஒரு குறுக்குவழி சொன்னாள்.

"தமிழ்ல சொல்லிப் பாருங்க அண்ணி. 'மோசமான'ன்னு வந்தா பேட். 'மோசமா'ன்னு வந்தா பேட்லி. அவ்வளவுதான்."

அது நன்றாகவே கைகொடுத்தது, கப்பல்காரரின் நாய் வரும்வரை. ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் அவர். நாய் சாக்கடையில் புரண்டுவிட்டது என்று விட்டுவிட்டுப் போனார். ஒரு குளியலில் நாற்றம் போகவில்லை. மறுபடி நுரை போட்டுவிட்டு, தாமதமாகும் என்று அவருக்குச் செய்தி அனுப்பினாள். நாய் மோசமாக நாறுகிறது, ஆகவே, "யுவர் டாக் ஸ்மெல்ஸ் பேட்லி."

சற்று நேரத்தில் கப்பல்காரர் முகம் வெளிறி ஓடிவந்தார். நுரையோடு நாயைத் துண்டில் சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு பறந்தார்.

"கோவிச்சுக்கிட்டாரா அண்ணி?"

"நாறுச்சுன்னா நாறுதுன்னுதானே சொல்ல முடியும்?"

சாயங்காலம் கால்நடை மருத்துவர் போன் செய்தார்.

"அக்கா, கேப்டனோட நாய்க்கு மோப்ப சக்தி போயிடுச்சுன்னு எழுதினீங்களா? துணிக்கு அடியில பிஸ்கெட்டை ஒளிச்சு வெச்சுப் பார்த்தேன். அதையும் எடுத்துச்சு, என் பையில இருந்த மத்தியானச் சாப்பாட்டையும் எடுத்துச்சு."

அவரே விளக்கினார். நாறுவதற்கும் மோப்பம் பிடிப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். "நாய் எப்படி இருக்குன்னு சொன்னா பேட். மோப்பம் பிடிக்கிற வேலையை அது எப்படிச் செய்யுதுன்னு சொன்னாதான் பேட்லி. 'மோசமா'ங்கிற நம்ம தமிழ் ரெண்டுக்கும் பொருந்துறதால வந்த வினை."

அவள் கப்பல்காரரை அழைத்து மன்னிப்புக் கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாய் இன்னும் நாறுகிறது, காலையில் கொண்டு வரட்டுமா என்றார்.

மறுநாள் குளித்து, உலர்ந்து, பஞ்சுப்பொதியாக நின்ற நாயைப் படம் எடுத்தாள். "யுவர் டாக் லுக்ஸ்" வரை தட்டிவிட்டு நிறுத்தினாள்.

"'சந்தோஷமா'தானே? அப்போ ஹேப்பிலி," என்றாள் நாத்தனார்.

"வாயை மூடு. சந்தோஷமா இருக்கிறது நாய். ஹேப்பி போதும்."

அனுப்பியதும் இருவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. அன்று வந்த நாய்களையெல்லாம் ஆங்கிலத்தில் வர்ணித்தார்கள். ஒரு வெள்ளைக் குட்டை நாய் மேசைமேல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இது ஆங்க்ரி என்று முடிவு செய்வதற்குள் அது நகவெட்டியைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது.

"இப்ப ஆங்க்ரிலி," என்றாள் நாத்தனார், இரண்டடி பின்னால் நகர்ந்து.