கிணற்றுக்கட்டில் நிரம்பிய வாளி

எங்கள் கிணற்றுக்கட்டின் மேல் எப்போதும் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருக்கும். முன்பு தகர வாளி. அதன் அடி துருப்பிடித்துப் போனபின் நீல நிற பிளாஸ்டிக் வாளி. கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலையில், சுபஹு தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுழூச் செய்யப் போனபோதுதான் அதை முதலில் கண்டேன். கயிற்றை இழுத்தால் கப்பி சத்தம் போட்டு வீட்டாரை எழுப்பிவிடுமோ என்று கூச்சத்தோடு நின்ற எனக்கு, யாரோ இறைத்து வைத்த தண்ணீர் காத்திருந்தது. வைத்தவர் என் சகலன், என் மனைவியின் மூத்த சகோதரியை, அவளுடைய ராத்தாவை, கல்யாணம் முடித்தவர்.

எங்கள் ஊர்களில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்குரியவை. ஆண் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போகிறவன். அந்த வகையில் அவரும் நானும் வந்து சேர்ந்தவர்கள்தான். மாமி தன் வளவை இரண்டு மகள்களுக்கும் பாதிபாதியாகக் கொடுத்திருந்தார். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே கிணறு. சகலன் மீன் வியாபாரி. காலையில் ஒலுவில் துறைமுகத்துக்குப் போய், மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, சொறிக்கல்முனைப் பக்கமெல்லாம் விற்றுவிட்டு நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் திரும்புவார். மீன் வாடை போகக் குளிப்பார். குளித்து முடித்ததும் இன்னுமொரு வாளி இறைத்துக் கட்டின் மேல் வைத்துவிட்டுத்தான் துவாயை எடுப்பார். விடியற்காலையிலும் அப்படித்தான். அடுத்து வருவது நானாகவும் இருக்கலாம், வாசலில் தண்ணீர் கேட்டு நிற்கும் ஒருவராகவும் இருக்கலாம். சில நாட்களில் காகம்தான் முதலில் குடிக்கும்.

எனக்கு அதிகம் கதைக்க வராது. பள்ளிவாசல் கூட்டங்களிலும் தூணுக்குப் பின்னால்தான் இருப்பேன். “தம்பி, நீ கதைக்கிற கதைக்கு வரி போட்டா அரசாங்கம் பட்டினிதான்” என்று சகலன் பகிடி பண்ணுவார். அப்படிப்பட்ட நான் ஒருமுறை மட்டும் அந்த வாளியைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “எனக்குப் பிறகு ஆரோ வரத்தானே போறாங்க. கை நனஞ்சுதானே கிடக்கு.”

அவருடைய மகளுக்குக் கல்யாணம் பேசியபோது பிரச்சினை வந்தது. மகளுக்கென்று அவர்களுடைய பாதியில் புதுவீடு எழும்பியது. மாப்பிள்ளை வீட்டார், வளவைச் சுற்றி மதில் வேண்டும் என்றார்கள். அளந்து பார்த்தபோது கிணறு முழுவதும் மதினியின், அதாவது என் மனைவியின் ராத்தாவின், பக்கம் விழுந்தது. எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் சவர்த்தண்ணீர்தான். மாமா காலத்திலேயே ஒன்று தோண்டி, வாயில் வைக்க முடியாமல் மூடியிருந்தார்கள். அப்போது எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீரும் வந்திருக்கவில்லை.

“தெரிஞ்சுதான் ராத்தா பேசாம இருக்கா” என்றாள் என் மனைவி. மதில் இல்லையென்று சம்பந்தம் முறிந்தால் தன் மகளின் வாழ்க்கைக்கு யார் பொறுப்பு என்று மதினி பக்கத்து வீட்டில் சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சகோதரிகள் கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். சகலனும் நானும் வாய் திறக்கவில்லை. காணி அவர்களுடையது, நாங்கள் என்ன சொல்வது?

ஆனால் வாளி நிற்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் அது நிரம்பியே இருந்தது. மனைவி அதைத் தொடாமல், தானே கயிறு போட்டு இறைத்தாள். நான் அந்தத் தண்ணீரில் வுழூச் செய்து, வேறொரு வாளி இறைத்து அதே இடத்தில் வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவேன். அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு அவ்வளவுதான். ஒரு நல்ல பழக்கம், கோபமாக இருக்கிற நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரிய தர்மத்துக்கு மனம் இளக வேண்டும், காலம் கூட வேண்டும். ஒரு வாளி தண்ணீருக்குக் கை போதும்.

மதிலுக்கு மேசன் நூல் கட்டிய நாளில் சகலன் வழக்கம்போல வந்து குளித்தார். வாளியை நிரப்பினார். வழக்கமாக வைக்கும் இடம் எங்கள் பக்கத்துக் கட்டு. அதற்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நூல் இழுபட்டு நின்றது. அவர் வாளியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: “மேசன், மதில் எழும்பினா இத எங்க வைக்கிற?”

“முழுக் கிணறும் உங்கடதானே காக்கா, விரும்பின இடத்தில வைங்க” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மேசன்.

“எங்களுக்கு மட்டுமெண்டா நான் என்னத்துக்கு நிரப்புற?”

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். கேட்டது மேசனிடம். பதில் சொல்ல வேண்டியவர் தன் வீட்டுக் குசினி வாசலில் நின்ற மதினி. சகலன் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வாளியைக் கீழே வைக்கவும் இல்லை. மதினி அந்த வாளியைப் பார்த்தார். பிறகு மேசனிடம், “மதில இஞ்சால கிணத்தோட நிப்பாட்டி, கிணத்துக்கு அங்கால இருந்து தொடங்குங்க. ஒரு ஆள் போய்வர இடமும் விடுங்க” என்றார்.

மாப்பிள்ளையின் வாப்பா மதிலைப் பார்க்க வந்தது கடும் வெயிலில். கட்டின் மேலிருந்த தண்ணீரில் முகம் கழுவினார், “நல்ல தண்ணி” என்றார். இடைவெளியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஆனால் சகோதரிகள் பழையபடி சிரித்துக் கதைக்க இன்னும் பல மாதங்கள் ஆயின. இடைவெளி மட்டும் அங்கேயே இருந்தது.

பல வருடங்கள் போய்விட்டன. இந்த வருட மழை தொடங்கிய வாரத்தில் சகலன் மௌத்தானார். கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருக்கிறார் மதினி, அறையை விட்டு வெளியே வருவதில்லை. இப்போது இரண்டு வீட்டிலும் குழாய் இருக்கிறது, மதினிக்குக் கூடவே மகளும் இருக்கிறாள். என்றாலும் சுபஹுக்கு நான் நிரப்பி வைத்துவிட்டுப் போகும் வாளி, பள்ளியிலிருந்து திரும்பும்போது கட்டின் மேல் இருப்பதில்லை. என் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு இடைவெளி வழியாக ராத்தாவிடம் போயிருப்பாள்.

நேற்று அவள் வெறும் வாளியோடு திரும்பி வந்து, மறுபடி கயிற்றைப் போட்டாள். குழாயில் தண்ணீர் வருகிறதே, இந்த வயதில் ஏன் கஷ்டப்படுகிறாய் என்று கேட்டேன்.

“கை நனஞ்சுதானே கிடக்கு” என்றவள், நிரம்பிய வாளியை அதன் பழைய இடத்தில் வைத்தாள்.