முதல் பீரியட்

டேங்கர் தண்ணீருக்கு ஒரு வாசம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? துருவும் ரப்பர் குழாயும் கலந்த வாசம். இந்த மே மாதம் செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு வரும் பைப் உடைந்து, நாலைந்து நாள் டேங்கர்தான் கதி என்று ஆகிவிட்டது. நான்தான் செக்ரட்டரி. சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு. பக்கெட்டோடு வந்தவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது அந்த வாசம் என்னை நேரே சின்ன வயசுத் தாராவியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

எங்கள் சந்துக்கு ஒரே குழாய். காலையில் அது எப்போது மனசு வைக்கிறதோ அப்போதுதான் தண்ணீர். அதற்குள் அப்பா சைக்கிளில் இட்லிப் பானையைக் கட்டிக்கொண்டு விற்கப் போயிருப்பார். அம்மா பாத்திரம் தேய்க்கப் போயிருப்பாள். மிச்சம் இருப்பது இசக்கி அக்காவும் நானும். நான் ஒல்லிக்குச்சி, குடத்தைத் தூக்கினால் குடம்தான் என்னைத் தூக்கும். அதனால் தண்ணீர் அக்கா பாடு, பள்ளிக்கூடம் என் பாடு என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது. குழாயடியில் தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் சண்டை போடுவாள் அக்கா. எங்கள் குடம் நிறையாமல் வந்ததே இல்லை.

பள்ளிக்கூடம் மாட்டுங்காவில். மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பிந்தி வந்தவர்கள் முதல் பீரியட் முடியும்வரை வெளியே வெயிலில் நிற்க வேண்டும். அக்கா வகுப்பில் முதல் பீரியட் கணக்கு. கேட்டுச் சாவியும் கணக்கு டீச்சரிடம்தான். ஒருநாள் அவர் என் கையைப் பிடித்துக் கேட்டருகே கூட்டிப்போய், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவிடம் கேட்டார்.

"ஒரே வீட்லேர்ந்துதானே ரெண்டு பேரும் வர்றீங்க? தங்கச்சியால முடியுது, உன்னால ஏன் முடியல?"

அக்கா தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள். முந்தின நாளே பிடித்து வைத்தால் என்ன என்றார் டீச்சர். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் வீட்டில் பிறந்தவர். மூன்று மொழியில் சண்டை போடுகிறவள் அன்றைக்குச் சரி டீச்சர் என்று மட்டும் சொன்னாள்.

கணக்கு நடக்கும்போதெல்லாம் வெளியே நின்றவள் ஒன்பதாவதில் கணக்கில்தான் தோற்றாள். இவளுக்குப் படிப்பு ஏறாது என்று டீச்சர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவும் நம்பி அவள் படிப்பை நிறுத்திவிட்டாள். ஏறாதாம்! ஏறுவதற்கு முதலில் கேட்டைத் திறந்துவிட வேண்டாமா? இப்போது அக்கா உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கிறாள்.

சரி, டேங்கருக்கு வருகிறேன். நாலாவது மாடியில் மகன் வீட்டுக்கு வந்திருந்த வயதான அம்மாள் ஒருவர் வரிசையைத் தாண்டி நேரே என்னிடம் பக்கெட்டை நீட்டினார். அதே கணக்கு டீச்சர். என்னை அடையாளம் தெரிந்ததும், இவள் ஒருநாள்கூட லேட்டாக வந்ததில்லை என்று எல்லோரிடமும் பெருமையடித்தார். பக்கெட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"வரிசையில நில்லுங்க டீச்சர். நேத்தே பிடிச்சு வச்சிருக்கலாம்லா?"

நேற்று டேங்கரே வரவில்லையே என்றார். ஆமாம், வரவில்லைதான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கடைசியில் போய் நின்றார். வெயில் கொளுத்தியது. வயதானவரை நிறுத்திவிட்டு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு மோர் குடித்த மாதிரி குளுகுளுவென்று இருந்தது.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். பாவம் பார்ப்பாள், என்னைத் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நின்னாளாட்டி?"

"நின்னா."

"வெயிலு?"

"மண்டைய பொளந்துட்டு."

தன்னைப் பற்றி டீச்சர் ஏதாவது கேட்டாளா என்றாள். கேட்கவில்லை என்றேன். தையல் மெஷின் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது.

"அப்பொ நாளைக்கும் நிறுத்து."

மறுநாளே பைப் சரியாகிவிட்டது. டீச்சர் நேருளில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. தாராவியில் எங்கள் சந்து இருந்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது. குழாய் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தையும் இடித்துவிட்டார்கள். ஆத்திரத்தில் ஓர் உதை விடலாமென்றால் அந்தக் கேட்டும் இல்லை.

பைப் சரியானதையும் டீச்சர் போனதையும் அக்காவிடம் சொல்லவில்லை. வாராவாரம் போன் செய்து, இன்றைக்கும் நின்றாளா என்று கேட்கிறாள். நின்றாள் என்கிறேன். வெயில் எப்படி என்கிறாள். அவள் வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டுவது போனிலேயே கேட்கிறது. நல்ல வெயில் அக்கா என்கிறேன்.