பூஜ்ய வரியும் ஒரு கையாளுதல் கட்டணமும்

போன வாரம் சைகோன் நகரத்தின் கான் ஹொய் பகுதியில் ஒரு கூரியர் ஆபீஸில் நின்று கத்தினேன். சாதாரணக் கத்தல் இல்லை... தெருவில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்த ஆள் உள்ளே எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

வெட்கமாக இருந்ததா? இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் கணவர் இங்கே சைகோனில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதுக்கு மெஷின். அது பழுதானதும், வாரண்டி இருக்கிறதே என்று வாங்கிய சென்னைக் கடைக்கே அனுப்பினோம். அவர்கள் காசு வாங்காமல் சரிசெய்து திருப்பி அனுப்பினார்கள். அதாவது — வந்தது எங்கள் பொருள். பழைய பொருள்.

மெஷின் இல்லாமல் அவர் வகுப்பில் பட்ட பாடு! பிள்ளைகள் சந்தேகத்தைத் தாளில் எழுதி நீட்டினார்களாம். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அப்புறம்தான் கூரியர்காரர்களின் மெஸேஜ். பார்சல் வந்திருக்கிறது, பதினெட்டு லட்சம் டோங் கட்டி எடுத்துக்கொள்ளவும். நம் காசில் ஆறாயிரம் ரூபாய்!

"விடு மீனா, கட்டிட்டு வாங்கிட்டு வந்துருவோம்" என்றார் என் கணவர்.

'எதுக்குன்னு கேட்காம ஒரு பைசா கிடையாது' என்று தாளில் எழுதிக் காட்டினேன்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். கவுண்டரில் ஒரு இளம்பெண். பாதி ஆங்கிலம், பாதி என்னுடைய ஓட்டை வியட்நாமிய மொழி. பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"இது எதுக்கும்மா?"

"கையாளுதல் கட்டணம், அக்கா."

"எதைக் கையாண்டீங்க?"

"உங்களுக்காகச் சுங்க வரியை நாங்க முன்னாடியே கட்டினோம்."

"வரி எவ்வளவு?"

பில்லைப் பார்த்தாள். "பூஜ்யம்."

"பூஜ்யத்தைக் கட்டுறதுக்கு இவ்வளவு கூலியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பில்லில் அதற்குக் கீழே — குடோன் வாடகை, ஒன்பது நாளுக்கு. பார்சல் வந்திருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னதே முந்தின நாள்தான். தாமதம் அவர்களுடையது, வாடகை மட்டும் எங்களுடையதா?

மேனேஜர் வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நேரே என் கணவரிடம் போனார். பொம்பளையிடம் என்ன பேச்சு என்ற நினைப்பு. தணிந்த குரலில் ஏதோ விளக்கினார். இவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இந்த மூன்று வாரமாக யார் பேசினாலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"சார் ஒத்துக்கிட்டார். ரசீது போடு" என்றார் மேனேஜர் அந்தப் பெண்ணிடம்.

அப்போதுதான் கத்தினேன்.

"அவருக்குக் காது கேட்காதய்யா! அவரோட காதே அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு! அதைப் பூட்டி வச்சுக்கிட்டு, ஒத்துக்கிட்டார்ங்கிறீங்களே!"

அந்தப் பெண் எழுந்தாள். மேனேஜரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து, டேப்பைக் கிழித்து, இவரிடம் நீட்டினாள்.

இவர் அங்கேயே மெஷினை எடுத்துக் காதில் மாட்டினார். மாட்டியதும் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க. நான் எதுக்குத் தலையாட்டினேன்?"

மேனேஜர் பேனாவை எடுத்துக் குடோன் வாடகையை அடித்தார். கையாளுதல் கட்டணத்துக்கு மட்டும் "கம்பெனி ரூல்" என்று கையை விரித்தார். இவருக்கோ வகுப்புக்கு நேரமாகிவிட்டது. 'சம்மதமில்லாமல் கட்டுகிறேன்' என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன்.

எனக்குக் கோபம் பணம் போனதில் மட்டும் இல்லை. வெளிநாட்டிலிருந்து மருந்து வரும், கண்ணாடி வரும், சர்டிஃபிகேட் வரும். அவசரத்தில் இருப்பவன் கேள்வி கேட்காமல் கட்டிவிடுவான் — இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம் அவசரத்துக்குத்தான் ரேட் போடுகிறார்கள். வேறென்ன கையாண்டார்கள்?

தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பெட்டியைப் பிரித்துக் கொடுத்த பெண்ணைப் பற்றி மட்டும் அதில் மூச்சு விடவில்லை. பாவம், அவள் வேலைக்கு உலை வைக்கவா?

நேற்றுப் பதில் வந்துவிட்டது: 'தங்கள் புகாரைக் கையாண்டுகொண்டிருக்கிறோம்.'

அதற்கு எவ்வளவு பில் வரப்போகிறதோ!